ஒரே ஆண்டில் மூன்று பாட்டுக் குழுக்கள்

மேனாட்டு ராக் இசைக் குழுக்களைப் பற்றிய துணுக்குச் செய்திகளைச் சேர்ப்பது பெரியதொரு பொழுதுபோக்காக வளர்ந்திருக்கிறது. எந்தக் குழு எந்த ஊரில் தோன்றிற்று, அதற்கு முதலில் இட்ட பெயர் யாது, முதல் இசைத்தட்டுக்கு என்ன செலவாயிற்று என்று நுணுகி நுணுகிக் கேட்பார்கள். மும்பையிலும் கொல்கத்தாவிலும் பெங்களூரிலும் வாழும் நம் தமிழ் அன்பர்களின் வீட்டுப் பிள்ளைகளிடையே இவ்வினாக்களுக்குத் தட்டாமல் விடை சொல்லக்கூடியவர் பலர். அவர்களிடம் கேட்பதற்கு நாமும் ஒரு வினாவைத் தருகிறோம். 1958-ஆம் ஆண்டில் மேற்குத் தொடர்ச்சி மலையின் மீது இரண்டு பாட்டுக் குழுக்கள் பாடிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றிலும் இருந்த ஒரு சிறுவன் பின்னாளில் பெரும்புகழ் எய்தினான். அக்குழுக்கள் யாவை? முதற் குழுவின் பெயரை உடனே சொல்லிவிடுவார்கள். இரண்டாவதைச் சொல்லத் தயங்குவார்கள். தயங்கப்படுகிற அந்த இரண்டாவது குழு நம்முடையது.

முதற் குழு பம்பாய் மாநிலத்துப் பஞ்சகனியில் இருந்தது. அங்குள்ள புனித பேதுரு பள்ளியின் விடுதியில் ஃபரோக் பல்சாரா என்ற பார்சிச் சிறுவன் படித்துவந்தான். 1946-இல் சான்சிபார் தீவில் பிறந்தவன். அவனும் நான்கு தோழர்களும் 1958-இல் ‘தி ஹெக்டிக்ஸ்’ என்ற பெயரில் ஒரு குழு அமைத்துப் பள்ளி விழாக்களில் ஆங்கிலப் பாட்டுகளை இசைத்தார்கள். இவன் பியானோ வாசித்தான். வானொலியில் ஒருமுறை கேட்ட பாட்டை அப்படியே பியானோவில் எழுப்பிவிடுவான் என்று உடன் படித்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். இச்சிறுவனே பிற்காலத்தில் ‘குவீன்’ குழுவின் பாடகராக உலகெங்கும் அறியப்பட்ட ஃபிரெடி மெர்க்குரி.

அதே ஆண்டில் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் ‘குவாரிமென்’ என்றொரு குழு இருந்தது. தாங்கள் படித்த குவாரி பேங்க் பள்ளியின் பெயரைக் கொண்டு அவ்வாறு பெயரிட்டுக்கொண்டார்கள். 1957 ஜூலை 6-ஆம் நாள் வூல்டன் என்னுமிடத்துத் தேவாலய விழாவில் இக்குழு பாடியபோதுதான் ஜான் லெனனும் பால் மெக்கார்ட்னியும் முதன்முதலாகச் சந்தித்தார்கள். அத்தேவாலயமும் புனித பேதுருவின் பெயரையே தாங்கியது என்பது துணுக்குச் செய்தி சேர்ப்போர் குறித்துக்கொள்ளத்தக்கது. மறு ஆண்டுக் கோடையில் ஐவரும் காசு சேர்த்துப் பதினேழு ஷில்லிங் ஆறு பென்ஸ் கொடுத்து ஒரே ஓர் இசைத்தட்டைப் பதிவு செய்துகொண்டார்கள். ஒன்றுதான் இருந்தமையால் ஆளுக்கு ஒரு வாரம் வீட்டில் வைத்துக்கொள்வது என்று ஏற்பாடு. சுற்றிவந்த தட்டு பியானோ வாசித்தவர் வீட்டில் தங்கிவிட்டது. பிற்பாடு ‘பீட்டில்ஸ்’ என்ற பெயரில் உலகம் முழுதும் அறிந்த குழுவின் முதல் ஒலி அது. 1981-இல் மெக்கார்ட்னியே அதை விலைகொடுத்து வாங்கிக்கொண்டார்.

இக்குழுவின் இசைக்கருவிகளுள் ஒன்று நம் கவனத்துக்கு உரியது. ‘ஸ்கிஃபிள்’ என்று பெயர்பெற்றிருந்த அக்காலத்து எளியோர் இசையில், துணி துவைக்கும் தகரப் பலகையைக் கைவிரலால் தேய்த்துத் தாளம் எழுப்புவார்கள். அடித்த சுருதிக்கோ, தேயிலை ஏற்றுமதியாகி வந்த பெட்டியைக் கவிழ்த்து, அதில் ஒரு துடைப்பக் கழியை நிறுத்தி, ஒரு கயிற்றை இழுத்துக் கட்டி மீட்டுவார்கள். குவாரிமென் குழுவிலும் அப்பெட்டி இருந்தது. அது மூணாற்றுப் பெட்டி என்று நாம் சொல்லவரவில்லை. இலங்கையிலிருந்தும் அசாமிலிருந்தும்கூட அத்தகைய பெட்டிகள் கப்பலேறின. ஆயினும் தேவிகுளம் மலையில் தமிழ்ப் பெண்கள் கிள்ளிய கொழுந்தும் அவ்வகைப் பெட்டிகளில்தான் கடல் கடந்து போயிற்று. பெட்டி அங்கே பாடிக்கொண்டிருந்த ஆண்டில், கொழுந்து கிள்ளியவர்கள் இங்கே என்ன பாட்டுக் கேட்டார்கள் என்பதே நாம் சொல்லப் புகுந்த வரலாறு.

கேரளத்து இடுக்கி மாவட்டத்தில், மூணாற்றிலிருந்து குமுளிக்குச் செல்லும் மலைச்சாலையில், பூப்பாறைக்கும் நெடுங்கண்டத்துக்கும் இடையே உள்ளது உடும்பஞ்சோலை. ஏலமலை என்று நாம் வழங்கும் நிலப்பரப்பின் நடுப்பகுதி அது. வடக்கே தேவிகுளம், மூணாறு எனத் தேயிலை. தெற்கே வண்டன்மேடு, குமுளி வரையில் ஏலம். கிழக்கே மலை சட்டென்று இறங்கிவிடுகிறது. இறங்கினால் போடிநாயக்கனூரும் தேவாரமும் கம்பமும் பரவிக்கிடக்கும் பள்ளத்தாக்கு. போடிமெட்டு, கம்பம்மெட்டு ஆகிய கணவாய்களின் வழியே பள்ளத்தாக்கு மக்கள் தலைமுறை தலைமுறையாக மலையேறி வேலை செய்து வந்திருக்கிறார்கள். காலையில் ஏறி மாலையில் இறங்குவோர் இன்றும் உண்டு. லயங்களிலேயே குடியேறிப் பிள்ளைபெற்றுப் பேரன் கண்டவரும் உண்டு. 1956 நவம்பர் 1-ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, கன்னியாகுமரிப் பகுதியும் செங்கோட்டையின் ஒரு பாகமும் சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. தேவிகுளமும் பீர்மேடும் வேண்டுமென்று எழுந்த கிளர்ச்சிக்குப் பின்னரும் அவ்விரு வட்டங்களும் கேரளத்தோடு நின்றன. அன்று முதல் அம்மலைத் தமிழர், இடம் பெயராமலேயே அயல் மாநிலத்தார் ஆயினர். இந்நிலையின் பொருளை அயல் மாநிலங்களில் வாழும் நம் அன்பர்களுக்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை.

கணவாய்களுக்குக் கீழே, அன்றைய மதுரை மாவட்டத்தில், பண்ணைப்புரம் என்ற சிற்றூர். அவ்வூரினர் பாவலர் வரதராசன். பொதுவுடைமைக் கட்சியின் மேடைகளில் தாமே பாட்டுக் கட்டித் தாமே பாடுவார். அவருடைய தம்பியர் பாஸ்கர், ராசையா, அமர். ஊர்கள்தோறும் இவர்கள் ‘பாவலர் பிரதர்ஸ்’ என்று அறியப்பட்டார்கள். கோயம்புத்தூரில் வாங்கிய ஓர் ஆர்மோனியப் பெட்டி இக்குழுவின் பெருஞ்செல்வம். தம்பியர் அதைத் தொடலாகாது என்று அண்ணன் தடுத்திருந்ததாகவும், அவர் இல்லாதபோது திருட்டுத்தனமாக வாசித்துப் பழகியதாகவும் ராசையா பின்னாளில் பலமுறை கூறியிருக்கிறார். 1943 ஜூனில் பிறந்த ராசையா பதினான்கு வயதளவில் அண்ணனோடு மேடையேறினார். குரல் உடையாத பருவமாதலின் பெண்குரல் வரும் பகுதிகள் அவருக்கு. குரல் உடைந்த பிறகு பெட்டி கைக்கு வந்தது. லிவர்பூல் குழுவின் ஜார்ஜ் ஹாரிசனும் 1943-இல் பிறந்தவரே. ராசையாவுக்குச் சில மாதங்கள் மூத்தவர்.

இனி 1958-இன் தேர்தலுக்கு வருவோம். கட்சிகளின் நன்மை தீமைகளை ஆராய்வது நம் நோக்கமன்று. பாட்டு என்ன வேலை செய்தது என்பதை மட்டும் காண்போம். 1957-இல் கேரளச் சட்டமன்றத்தின் 126 இடங்களில் 60 இடங்களைப் பொதுவுடைமைக் கட்சி வென்று, ஐந்து சுயேச்சைகளின் துணையோடு ஈ. எம். எஸ். நம்பூதிரிபாடு தலைமையில் அமைச்சரவை அமைத்தது. அச்சட்டமன்றத்தில் முதன்முதலாக உறுதிமொழி ஏற்றவர் தேவிகுளத்தில் வென்ற ரோசம்மா புன்னூஸ். எதிர்த்தரப்பினர் ஒருவரின் வேட்பு மனுவைத் தள்ளியது தவறென்று கண்டு, நடுவர் மன்றம் அத்தேர்தலைச் செல்லாததாக்கிற்று. 1958-இல் மறுபடியும் தேர்தல். மிகக் குறைந்த பெரும்பான்மையில் நிற்கும் அரசுக்கு ஓர் இடமும் பெரிது. ஆகவே நாட்டின் பார்வை முழுதும் அம்மலைத் தொகுதியின்மேல் விழுந்தது.

வேட்பாளரோ மலையாளம் பேசும் காஞ்சிரப்பள்ளியினர். வாக்களிக்க வேண்டியவர்களில் பெருந்தொகையினர் தோட்டங்களில் உழைக்கும் தமிழர். எழுத்தறியாதவர் பலர், நாளெல்லாம் மழையில் நனைந்து கொழுந்து சுமந்து திரும்பியவர்கள். அவர்கள்முன் மணிக்கணக்கில் பேசினால் உறங்கிவிடுவார்கள். அங்கேதான் பண்ணைப்புரத்துப் பெட்டி மலையேறிற்று. பாவலரின் முறை எளிது. எல்லார் வாயிலும் புழங்கும் சினிமாப் பாட்டின் மெட்டை எடுத்துக்கொள்வார். அதில் அன்றைய செய்தியை, கூலியை, எதிர்க்கட்சியின் சின்னமான காளைகளை நையாண்டி செய்யும் சொற்களைப் பொருத்துவார். மெட்டைப் புதிதாகக் கற்க வேண்டியதில்லையாதலின், கேட்டவர் மறுநாளே மலைச்சரிவில் பாடிக்கொண்டிருப்பார். ரோசம்மா புன்னூஸ் மீண்டும் வென்றார். அவ்வெற்றியில் பாவலரின் பாட்டுக்குப் பெரும் பங்குண்டு என்பது தென்னாட்டில் நெடுங்காலமாக வழங்கிவரும் பேச்சு.

இங்கே வானொலியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லாதிருத்தல் நேர்மையாகாது. சினிமாப் பாட்டுக்கு 1952 முதல் நம் வானொலி ஏறத்தாழக் கதவடைத்திருந்தது. அக்காலத்தில் மக்கள் இலங்கை வானொலியின் பக்கம் திரும்பினார்கள். 1957 அக்டோபரில் விவித பாரதி தோன்றிய பின்னரே நிலைமை மாறத் தொடங்கிற்று. ஆர்மோனியத்துக்கு நேர்ந்ததோ இதனினும் கடுமை. நம் இசையின் நுண்சுருதிகளுக்கு ஒவ்வாத கருவி என்று 1940-இல் அதனை வானொலி விலக்கியது. 1971 வரை அவ்விலக்கு நீடித்தது. விலக்கியவர்களின் இசையறிவை நாம் குறைகூறவில்லை. பெட்டியில் கமகம் வாராது என்பது உண்மையே. எனினும், வானொலி நிலையத்தில் நுழையக்கூடாத கருவியும் வானொலியில் ஒலிக்கத் தயக்கம் காட்டப்பெற்ற மெட்டும் சேர்ந்து ஒரு தேர்தல் களத்தையே பாடவைத்தன என்பதும் உண்மைதான்.

மூன்று குழுக்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒற்றுமை வெளிப்படை. மூன்றும் இரவல் மெட்டில் தொடங்கியவை. ஆனால் பஞ்சகனியில் கேட்டவர்கள் பள்ளித் தோழர்கள். வூல்டனில் கேட்டவர்கள் விழாவுக்கு வந்து தின்பண்டம் வாங்கியவர்கள். பாட்டுப் பிடிக்காவிட்டால் எழுந்து போவார்கள், அவ்வளவே. மலையில் கேட்டவர்கள் ஒரு முடிவெடுக்க வந்தவர்கள். கேட்போரைக் கட்டி நிறுத்தும் வித்தையை ராசையா கற்றது இத்தகைய மேடைகளிலே என்பது நம் துணிபு. பிற்காலத்து விமரிசகர்கள் அவருடைய மேனாட்டுப் பயிற்சியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு இதை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள்.

அப்பயிற்சியும் மெய்யே. அறுபதுகளின் பிற்பகுதியில் சகோதரர்கள் சென்னைக்குச் சென்றார்கள். தன்ராஜ் மாஸ்டரிடம் ராசையா மேனாட்டிசை கற்றார். அவர் ராஜா என்று அழைத்தார். லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிதார்த் தேர்வில் தேறினார். ஜி. கே. வெங்கடேஷிடம் உதவியாளராகவும், சலில் சௌத்ரியிடம் கிதார்க் கலைஞராகவும் பணிபுரிந்தார். வங்காளத்தில் வாழும் அன்பர்கள் அறிவார்கள், சலில் சௌத்ரியும் உழவர்க்கும் தொழிலாளர்க்கும் மேடைப்பாட்டுக் கட்டிப் புறப்பட்டவரே. ஒரே மரபின் இரு கிளைகள் சென்னை ஒலிப்பதிவுக் கூடத்தில் சந்தித்தன எனலாம். 1976-இல் ‘அன்னக்கிளி’ வெளிவந்தபோது பஞ்சு அருணாசலம் ராஜாவின் முன் ‘இளைய’ சேர்த்தார். அதன் பின்னைய கதை நாடறிந்தது.

துணுக்குச் செய்தி சேர்ப்போருக்கு இன்னும் ஒன்று வைத்திருக்கிறோம். லண்டனின் ஹேமர்ஸ்மித் பகுதியில் 1932-இல் திறக்கப்பெற்ற ஓர் அரங்கு இருக்கிறது. ஓடியன் என்றும், பின்னர் அப்போலோ என்றும் பெயர் மாறி வந்திருக்கிறது. லிவர்பூல் குழு பீட்டில்ஸ் என்ற பெயரோடு 1964 டிசம்பரில் அங்கே கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிகளை நடத்தியது. பஞ்சகனிப் பள்ளி மாணவரின் குவீன் குழு 1975 டிசம்பர் 24-ஆம் நாள் அங்கே பாடியதைப் பி.பி.சி. நேரடியாக ஒலி ஒளி பரப்பியது. 1979 டிசம்பர் இறுதியில் கம்பூச்சிய மக்களின் துயர்துடைப்புக்காக அங்கு நான்கு நாட்கள் நிகழ்ச்சிகள் நடந்தபோது, முதல்நாள் குவீனும் கடைசிநாள் மெக்கார்ட்னியும் மேடையேறினார்கள். 2025 மார்ச் 8-ஆம் நாள், அதே அரங்கில், ராயல் பில்ஹார்மோனிக் கான்சர்ட் ஆர்கெஸ்ட்ரா ‘வேலியண்ட்’ என்ற சிம்பொனியை அரங்கேற்றியது. இயற்றியவர் இளையராஜா, அப்போது அவருக்கு வயது எண்பத்தொன்று. ஆக, 1958-இன் மூன்று குழுக்களின் தடங்களும் ஒரே மேடையில் பதிந்திருக்கின்றன.

லிவர்பூல் சிறுவர்களின் அந்த ஒற்றைத் தட்டு பெட்டகத்தில் பாதுகாக்கப்படுகிறது. மலைமேடைப் பாட்டின் இயல்பு வேறு. இடத்துக்கு இடம் வரி மாறும், நேற்றைய கூட்டத்தில் பாடியது இன்றைய கூட்டத்தில் அப்படியே இராது. அதனைக் காத்துவந்த பேழை கேட்டவர்களின் நினைவு. அவர்களிற் பலர் தோட்டத்தை விட்டுக் கோயம்புத்தூருக்கும் திருப்பூருக்கும் பெங்களூருக்கும் பிள்ளைகளோடு போய்விட்டார்கள். தேவிகுளத்திலோ உடும்பஞ்சோலையிலோ வேலை செய்து, எண்பதைக் கடந்த ஒருவர் உங்கள் இல்லத்தில் இருப்பாராயின், அந்தத் தேர்தலின்போது கேட்ட பாட்டு ஏதேனும் நினைவிருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். சொல்வாராயின், எந்தச் சினிமாப் பாட்டின் மெட்டு என்பதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். மெட்டுத் தெரிந்துவிட்டால், விட்டுப்போன சொல் எத்தனை அசையுடையது என்பதை அதைக்கொண்டே கணக்கிட்டுவிடலாம்.