விளப்பில்சாலை முதல் கொடகநல்லூர் வரை: ஒரு நகரக் குப்பையின் செலவுக் கணக்கு

சுற்றுச்சூழல் மாசால் 2015ஆம் ஆண்டில் உலகெங்கும் 90 லட்சம் பேர் அகால மரணம் அடைந்ததாகவும், அதன் நல இழப்பு ஆண்டுக்கு 4.6 லட்சம் கோடி டாலர் என்றும் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2017இல் கணக்கிட்டது. உலக உற்பத்தியில் அது 6.2 விழுக்காடு. இத்தனை பெரிய தொகையை வைத்துக்கொண்டு எதையும் விளங்கிக்கொள்ள முடியாது. ஒரு நகரத்தை எடுத்துக்கொண்டு, அங்கே இந்தச் செலவு யார் தலையில் விழுந்தது என்று பார்த்தால்தான் பிடிபடும். திருவனந்தபுரம் அதற்கு ஏற்ற ஊர்.

ஒரு காலத்தில் நகரின் கழிவு நகருக்கே பயன்பட்டது. வலியதுறைக் கழிவுநீர்ப் பண்ணையில் சாக்கடை நீர் பாய்ச்சிப் புல் வளர்த்தார்கள். அது மாடுகளுக்குத் தீவனமாயிற்று. மக்கள்தொகை பெருகியதும் அந்த ஏற்பாடு தாங்கவில்லை. 19ஆம் நூற்றாண்டில் படகுப் போக்குவரத்துக்காக வெட்டிய பார்வதி புத்தனாறு சாக்கடையாகிக் கறுத்தது. நாளொன்றுக்கு 107 மில்லியன் லிட்டர் கொள்ளளவுள்ள முட்டத்தறை சுத்திகரிப்பு நிலையம் 2013இல்தான் வந்தது.

திடக்கழிவின் கதை வேறு. 2000ஆம் ஆண்டில் மாநகராட்சி, விளப்பில் ஊராட்சியில் உள்ள விளப்பில்சாலையில் உரத் தொழிற்சாலை ஒன்றைத் தொடங்கியது. பிரிக்காத குப்பையைக் குவித்து, கிளறி, மக்கவைத்து உரமாக்கி விற்பது திட்டம். காகிதத்தில் அழகான திட்டம்தான். ஆனால் கேரளத்துச் சமையலறைக் குப்பையில் ஈரம் அதிகம். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் கொட்டும் ஊர் இது. குவியலுக்குள் காற்றுப் புகாவிட்டால் மக்குவதற்குப் பதில் அழுகும்; அழுகியது கசியும். மக்காத பிளாஸ்டிக்கோ மேன்மேலும் மலையாக ஏறியது. கறுத்த கசிவுநீர் மீனம்பள்ளித் தோடு என்ற ஓடையில் இறங்கி, அது வழியாகக் கரமனை ஆற்றை எட்டியது.

விளைவைச் சுமந்தவர்கள் சுற்றிலும் குடியிருந்தவர்கள். மூச்சிரைப்பு, தோல் அரிப்பு, ஈ மொய்க்கும் சாப்பாடு, நாற்றம் வீசும் கிணற்று நீர் என்று அவர்கள் முறையிட்டார்கள். நிலத்தை விற்கப் போனால் விலை இல்லை. அந்த ஊரில் பெண் கொடுக்கவோ எடுக்கவோ வெளியூர்க்காரர்கள் தயங்கினார்கள் என்பதும் அன்றைய செய்திகளில் திரும்பத் திரும்ப வருகிறது. பொருளியல் நூல்களில் 'புறவிளைவு' என்று எழுதப்படுவது, நின்றுபோன ஒரு கல்யாணத்தை எந்தத் தலைப்பில் பதியும்? லாரி வாடகையும் ஆலைப் பராமரிப்பும் மாநகராட்சியின் செலவு. மருந்துச் சீட்டும் வேலைக்குப் போகாத நாளின் கூலியும் விளப்பில் வீடுகளின் செலவு. நகரத்துக்கு ஆலை மலிவாகத் தெரிந்ததன் ரகசியம் இதுதான்.

2011 டிசம்பரில் ஊராட்சி ஆலைக்குப் பூட்டுப் போட்டது. உயர் நீதிமன்றம் திறக்கச் சொன்னது. 2012 பிப்ரவரி 13 அன்று போலீஸ் பாதுகாப்போடு குப்பை லாரிகள் வந்தன. சாலையின் குறுக்கே அடுப்புக் கூட்டிப் பெண்கள் பொங்கலிட்டார்கள். ஆற்றுக்கால் பகவதிக்கு லட்சக்கணக்கான பெண்கள் தெருவில் பொங்கலிடும் நகரத்தில், எரியும் அடுப்பைத் தாண்டிப் போவது காவல்துறைக்கும் எளிதல்ல. லாரிகள் திரும்பின. அதன் பிறகும் சில முயற்சிகள் நடந்தன, ஆலை திறக்கவில்லை.

மறுக்க முடியாது என்று நினைத்திருந்த கிராமம் மறுத்துவிட்ட பிறகுதான் நகரம் தன் குப்பையைத் தானே பார்க்க நேர்ந்தது. முன்மாதிரி பக்கத்திலேயே இருந்தது: கோவளத்தில் 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் எரியூட்டி ஆலைத் திட்டத்தைக் கைவிட்டு, 'தணல்' அமைப்பின் துணையுடன் பூஜ்யக் கழிவு முயற்சி தொடங்கப்பட்டிருந்தது. குப்பைக் கடற்கரைக்குச் சுற்றுலாப் பயணி வரமாட்டார் என்ற கணக்கு அங்கே முன்பே புரிந்திருந்தது. வீட்டிலேயே உரத்தொட்டி, தெருமுனையில் காற்றோட்டத் தொட்டிகள், உலர்குப்பையை வீடு வீடாகச் சேகரிக்க ஹரித கர்ம சேனைப் பெண்கள் என்று ஏற்பாடுகள் ஒவ்வொன்றாக உருவாயின. வாசலுக்கு வரும் சேனைக்குப் பயனர் கட்டணம் கொடுக்கக் கசந்த வீடுகளும் இருந்தன. இத்தனை ஆண்டுகள் வேறொருவர் கட்டிய பில்லில் ஒரு சிறு பங்கு தம் வாசலுக்கு வந்ததை அவர்கள் விரும்பவில்லை.

கட்டணம் தவிர்த்தவர்களின் முடிச்சிட்ட பை இருட்டில் எங்கே விழும்? பெரும்பாலும் ஓடையில். தம்பானூர் ரயில் நிலையத்துக்கு அடியில் சுரங்கம்போல் ஓடும் ஆமயிழஞ்சான் தோடு அதற்குச் சாட்சி. வெள்ளம் தேங்கும் தம்பானூரைக் காக்க 2015இல் 'ஆபரேஷன் அனந்தா' வடிகால்களைத் திறந்தது. அடைப்பு மறுபடி சேர்ந்தது. 2024 ஜூலை 13 அன்று அந்தச் சுரங்கத்தில் குப்பை அகற்ற இறங்கிய ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டார். உடல் 2 நாள் கழித்தே கிடைத்தது. மாநகராட்சியும் ரயில்வேயும் பொறுப்பு யாருடையது என்று வாதிட்டன. அடைபட்ட ஓடை கொசுவையும் வளர்க்கும்; டெங்குக் காய்ச்சலில் இந்த அடைப்பின் பங்கைத் தனியே பிரித்து அளப்பது கடினம். ஆனாலும் 2017இல் கேரளத்தை டெங்கு உலுக்கியபோது மிக அதிகம் பாதிக்கப்பட்ட மாவட்டம் திருவனந்தபுரம் என்பதை, நீர் தேங்கும் வடிகால்களையும் எறியப்பட்ட டப்பாக்களையும் மறந்துவிட்டுப் படிக்க முடியாது.

உள்ளூரில் இடம் சுருங்கியதும் குப்பை மாநில எல்லையைத் தாண்டியது. 2024 டிசம்பரில் திருநெல்வேலி மாவட்டத்தின் கொடகநல்லூர், நடுக்கல்லூர் பகுதிகளில் கொட்டிக்கிடந்த மருத்துவக் கழிவில் திருவனந்தபுரம் மருத்துவமனைகளின் காகிதங்கள் கிடைத்தன. தாம் கழிவகற்றும் நிறுவனத்திடம் முறைப்படி ஒப்படைத்ததாக மருத்துவமனைத் தரப்பு சொன்னது. ஒப்பந்தச் சங்கிலி நீள நீளப் பொறுப்பு தேய்வதைத்தான் அதுவும் காட்டியது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு மூன்று நாளுக்குள் அகற்றக் கேரளத்துக்கு உத்தரவிட்டது. டிசம்பர் 22 அன்று கேரள அதிகாரிகள் லாரிகளோடு வந்து, கொட்டியதை அள்ளி ஏற்றிக்கொண்டு திரும்பினார்கள். அள்ளும் செலவு இம்முறை அனுப்பிய மாநிலத்துடையது.