உயரழுத்த மின்தடங்களில் தொடர் மின்தேக்கி

தொடர் மின்தேக்கி என்பது நீண்ட மின்தடத்தின் ஊடே, லைனில் ஓடும் மின்னோட்டம் முழுவதும் தன் வழியாகவே செல்லுமாறு இணைக்கப்படும் மின்தேக்கித் தொகுதி. லைன் நீள நீள அதன் தூண்டல் மறுப்பு கூடும். மின்தேக்கி அதில் ஒரு பங்கைக் கழித்துவிடும். 40 விழுக்காடு கழிந்தால், கொள்கையளவில், அதே கம்பியில் 1.67 மடங்கு திறனை அனுப்பலாம். புதிய கோபுர வரிசைக்கு நிலம் தேடுவதைவிட இது மலிவு.

முதல் தொகுதி 1928-இல் நியூயார்க் மாநிலத்தின் பால்ஸ்டன் ஸ்பாவில், 33 கிலோவோல்ட் லைனில் வைக்கப்பட்டது. வடக்கு ஆறுகளின் மின்சாரத்தைத் தெற்கு நகரங்களுக்குக் கொண்டுசெல்ல வேண்டியிருந்த சுவீடன், 1950-இல் இதை 220 கிலோவோல்ட்டுக்கு உயர்த்தியது. லைனில் பழுது நேர்ந்தால் பாயும் பெருமின்னோட்டம் மின்தேக்கியைச் சிதைத்துவிடும். அக்காலக் காவல் வெறும் பொறியிடைவெளி. அழுத்தம் எல்லை மீறினால் அதில் பொறி பாய்ந்து, மின்னோட்டம் மின்தேக்கியைத் தொடாமல் சுற்றிப் போகும். பழுது நீங்கிய பிறகும் மின்தேக்கி லைனுக்குத் திரும்பத் தாமதமாகும் என்பதே இதன் குறை. மின்னாக்கிகளின் ஒத்திசைவு தள்ளாடும் அந்த நேரத்தில்தான் மின்தேக்கி மிகவும் தேவை. துத்தநாக ஆக்சைடு வில்லைகள் வந்தபின் இக்குறை தீர்ந்தது: அழுத்தம் ஏறினால் அவை கடத்தும், இறங்கிய நொடியே நின்றுவிடும். வில்லைகளின் வெப்பம் அளவு மீறினால் மட்டும் இடைவெளியும் பைபாஸ் பிரேக்கரும் முன்வரும். இடைவெளியே இல்லாத அமைப்புகளும் உண்டு.

தொடர் மின்தேக்கியால் வேறோர் ஆபத்தும் உண்டு. நெவாடாவின் மொகாவே அனல்மின் நிலையத்தில் 1970, 1971-இல் இருமுறை மின்னாக்கித் தண்டு சேதமுற்றது. மின்தேக்கியும் லைனும் எழுப்பிய தாழ் அலைவு தண்டின் இயல்பான முறுக்கலைவோடு ஒத்துப்போனதே காரணம். அதன்பின் இத்தகைய அலைவுகளின் கட்டுப்பாடு தனித்துறையாகவே வளர்ந்தது.

மின்தேக்கிகள் நிற்கும் மேடை தரையோடு தொடர்பற்றது. 400 கிலோவோல்ட் லைனின் அழுத்தத்திலேயே பீங்கான் கால்கள்மேல் நிற்கும். ஆகவே மேல் அளவீடுகளைச் செம்புக்கம்பியில் கீழே இறக்க முடியாது. இன்று அவை உட்கூடான காப்புத்தூணினுள் ஒளியிழை வழியே இறங்குகின்றன. மேலுள்ள மின்னணுச் சுற்றுக்குத் தரையிலிருந்து லேசர் ஒளியே சக்தி ஊட்டுகிறது. ஒன்று பழுதானாலும் மற்றொன்று காக்கும்படி எண்ணியல் பாதுகாப்பு இரட்டையாக அமைகிறது. மின்தேக்கியால் மின்னழுத்தத் திசை புரண்டு தடுமாறும் தொலைவு ரிலேக்களோடு, லைன் வேறுபாட்டு ரிலேக்களும் துணைநிற்கின்றன.

இந்தியாவில் குறிப்பிடத்தக்கது ராய்ப்பூர்–ரூர்கேலா 400 கிலோவோல்ட் இரட்டைத் தடம். 2003-இல் கிழக்கு, மேற்கு மின்கட்டங்களை இணைத்த இதில் நிலையான மின்தேக்கியோடு, தைரிஸ்டரால் கட்டுப்படுத்தப்படும் பகுதியும் உண்டு. மண்டலங்களுக்கிடையிலான திறன் ஊசலை அது தணிக்கிறது. பழைய நிலையங்களில் இப்போது மேடையை விட்டுவைத்துக் கட்டுப்பாட்டுப் பேனல்களை மட்டும் மாற்றுவதும் உண்டு.