புது லாரி கம்பெனியை யார் பார்ப்பது?

எங்கள் பொம்மையார்பாளையத்தில் ஈ.சி.ஆர். ஓரமாக விடியற்காலையில் நடந்தால், மரக்காணம் உப்பளங்களிலிருந்து மூட்டை ஏற்றிய லாரிகள் புதுச்சேரி பக்கம் போவதைப் பார்க்கலாம். தார்பாய்க்கு அடியிலிருந்து உப்புத் தண்ணீர் சொட்டிக்கொண்டே போகும். அந்தத் தண்ணீர் சேசிஸையும் ஸ்பிரிங் பட்டையையும் அரிக்கும். ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் எனக்கு 2003ஆம் ஆண்டு ஞாபகம் வரும்.

அப்போது தூரத்து உறவுக்காரர் ஒருவர் லாரித் தொழிலில் இறங்கினார். அதுவரை உப்பு மூட்டை ஏற்றும் கான்ட்ராக்ட் எடுத்துவந்தவர். உப்பைப் பற்றித் தெரியும், லாரியைப் பற்றித் தெரியாது. "மாமா, பேப்பர் வேலை எல்லாம் நீங்கதான் பாத்துக்கணும்" என்றார். பகலில் எனக்கு வேறு உத்தியோகம். மாலையில் போய் அவருக்குக் கணக்கு எழுதினேன். இரண்டு பழைய லாரி, இரண்டு டிரைவர், இரண்டு கிளீனர். ஆர்.சி. மாற்றம், பெர்மிட், எஃப்.சி., இன்சூரன்ஸ், சாலை வரி, பைனான்ஸ்காரருக்கு எச்.பி. பதிவு, வங்கியில் நடப்புக் கணக்கு என எல்லாம் ஒரு மாதத்தில் முடிந்தது. கதவில் 'டிரான்ஸ்போர்ட்' என்று பெயர் எழுதி, கற்பூரம் காட்டி, எலுமிச்சம்பழத்தின் மேல் வண்டியை ஏற்றி எடுத்தார்கள்.

ஏழாவது மாதம், உப்பு சீசன் உச்சத்தில், சேலத்தில் லோடு இறக்கிவிட்டுத் திரும்பிய ஒரு லாரி விடியும் நேரத்தில் சாலையோரப் பனைமரத்தில் மோதியது. கிளீனர் பையன் அங்கேயே இறந்தான். பத்தொன்பது வயது. டிரைவருக்கு ஒரு கால் போயிற்று. பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து பார்த்தார். எஃப்.சி. இருந்தது, இன்சூரன்ஸ் இருந்தது, லைசென்ஸ் இருந்தது. டிரைவர் மீது 279, 304 ஏ பிரிவுகளில் வழக்கு. கம்பெனி மீது ஒன்றும் இல்லை.

அன்று இரவு டிரிப் நோட்டைப் புரட்டினேன். அந்த டிரைவர் தொடர்ந்து நான்கு ராத்திரி ஓட்டியிருந்தார். தேதி போட்டு, பேட்டா கணக்கு எழுதியிருந்த கையெழுத்து என்னுடையது.

நாங்கள் சட்டத்தை மீறினோமா? அதுதான் வேடிக்கை. மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961, நாளுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு வைத்தது. நிறுவனத்தைப் பதிவு செய்யவும் சொன்னது. ஆனால் ஐந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்துக்குத்தான் அது. எங்களிடம் நாலு பேர். நேஷனல் பெர்மிட் வண்டிக்கு இரண்டு டிரைவர் வேண்டும் என்று 1989 விதிகளில் இருந்தது. எங்கள் வண்டி தமிழ்நாட்டுக்குள் மட்டுமே ஓடியது. அந்த இரண்டு டிரைவர் விதியையும் 2018இல் எடுத்துவிட்டார்கள்.

ஓய்வு பெற்ற பிறகு, இது ஏன் இப்படி என்று தேடிப் படித்தேன். விஷயம் பழையது.

நம் நாட்டில் 1914 சட்டம் வண்டியைப் பதிவு செய்வதையும் டிரைவர் லைசென்ஸையும் பார்த்தது. பிறகு லாரியும் பஸ்ஸும் ரயிலின் வருமானத்தைத் தின்ன ஆரம்பித்தன. மிட்செல், கிர்க்னஸ் என்ற இரண்டு அதிகாரிகள் 1933இல் இதைப் பற்றி அறிக்கை கொடுத்தார்கள். வெட்ஜ்வுட் தலைமையிலான ரயில்வே விசாரணைக் குழு 1937இல் வந்தது. அதன் பின் வந்ததுதான் 1939 மோட்டார் வாகனச் சட்டம். பெர்மிட் முறை அப்போது நிலைபெற்றது. அதன் பெரிய கவலை, சாலையில் எத்தனை வண்டி ஓடலாம், ரயிலுக்கு எவ்வளவு போட்டி வரலாம் என்பதே. வண்டி வைத்திருப்பவருக்கு அதை நடத்தும் தகுதி உண்டா என்பது பின்னால் தள்ளப்பட்டது.

1959இல் மசானி குழு, நம் லாரித் தொழில் பெரும்பாலும் ஒற்றை வண்டி முதலாளிகள் கையில் இருப்பதைச் சுட்டிக்காட்டியது. சிறு முதலாளிகள் சேர்ந்து தாக்குப்பிடிக்கக்கூடிய அளவில் நிறுவனமாக வேண்டும் என்றது. பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. 1988 சட்டம் கதவைத் திறந்துவிட்டது: பெர்மிட் கேட்டால் சாதாரணமாக மறுக்கக்கூடாது என்று அதன் 80ஆவது பிரிவு சொல்கிறது. லஞ்சத்துக்கும் தட்டுப்பாட்டுக்கும் அது நல்ல மருந்துதான். ஆனால் எண்ணிக்கைக் கட்டுப்பாட்டை எடுத்த இடத்தில் தரக் கட்டுப்பாட்டை வைக்கவில்லை. 2007இல் வந்த சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம், சரக்கை ஏற்று அனுப்பும் நிறுவனங்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்றது. அதிக பாரம் ஏற்றக்கூடாது என்றும் சொன்னது. ஆனால் அதன் முக்கிய அக்கறை, சரக்கு தொலைந்தால் யார் பொறுப்பு என்பது.

பிரிட்டனும் 1933இல் ரயிலைக் காக்கத்தான் லாரி லைசென்ஸ் கொண்டுவந்தது. 1968 சட்டத்தில் அதை மாற்றிக்கொண்டார்கள். எத்தனை லாரி வேண்டுமானாலும் வைத்துக்கொள், ஆனால் வண்டியை எங்கே நிறுத்துவாய், யார் பழுது பார்ப்பார்கள், டிரைவர் நேரத்தை எப்படிக் கவனிப்பாய் என்று முதலாளியிடம் கேட்டார்கள். பதில் திருப்தி இல்லை என்றால் ஆபரேட்டர் லைசென்ஸ் கிடையாது.

அமெரிக்காவில் 1980இல் கதவு திறந்தது; புதுக் கம்பெனிகள் பெருகின. 1999 சட்டத்தின்படி, புதிதாக வரும் கம்பெனிகளைத் தனியே கவனிக்கும் முறை 2003இல் தொடங்கியது. முதல் 18 மாதம் கண்காணிப்பில் இருக்க வேண்டும். அதற்குள் ஆள் வந்து டிரைவர் கோப்பு, ஓட்டிய நேரக் குறிப்பு, பராமரிப்புப் பதிவு, விபத்துக் கணக்கு எல்லாவற்றையும் பார்ப்பார். தேறாமல், குறையையும் சரிசெய்யாமல் இருந்தால் பதிவு போய்விடும். எங்கள் கம்பெனி தொடங்கியதும் அதே 2003இல்தான். அப்படி ஒருவர் வந்து எங்கள் டிரிப் நோட்டை ஒரு முறை கேட்டிருந்தால் போதும்.

எல்லாப் பழியையும் சட்டத்தின் மேல் போடவில்லை. நோட்டு என் கையில்தான் இருந்தது. கேட்க ஆள் இல்லாததால் நானும் கேட்கவில்லை.

போன மாதம் பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் லோனில் லாரி எடுக்கப் போவதாக வந்தான். "பேப்பரெல்லாம் எழுதிக் குடுங்க தாத்தா" என்றான். எழுதித் தருகிறேன் என்றேன். ஆனால் டிரிப் நோட்டும் வாரம் ஒரு முறை என்னிடம் வர வேண்டும், ஒரே டிரைவர் பெயர் அடுத்தடுத்த ராத்திரியில் இருந்தால் உன் அப்பாவிடம் சொல்லிவிடுவேன் என்றும் சொன்னேன். சிரித்தான். முதல் வாரம் நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தான்.