மிட்வேயின் ‘ஐந்து நிமிடம்’: ஃபுச்சிதாவின் கதையும் விமானப் படைப்பிரிவுப் பதிவேடுகளும்

பசிபிக்கில் மிட்வே தீவருகே நடந்த போரில், 1942 ஜூன் 4 காலை பத்தரை மணிக்குள் அகாகி, காகா, சோர்யூ ஆகிய மூன்று ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்களும் தீப்பற்றி எரிந்துகொண்டிருந்தன. அந்தக் காலையை அரை நூற்றாண்டுக் காலம் உலகம் ஒருவரின் கண்வழியே பார்த்தது. அவர் ஃபுச்சிதா மிட்சுவோ. பேர்ல் துறைமுகத் தாக்குதலுக்குத் தலைமையேற்றுப் பறந்தவர். மிட்வேயின்போது குடல்வால் அறுவைச் சிகிச்சை முடிந்து அகாகியிலேயே இருந்தார். ஒகுமியா மசடகேயுடன் சேர்ந்து அவர் எழுதிய நூல் 1951இல் ஜப்பானில் வெளியாகி, 1955இல் ஆங்கிலத்துக்குப் போனது.

ஃபுச்சிதா சொல்வது இது: எதிர்த்தாக்குதலுக்கான விமானங்கள் ஓடுதளத்தில் அணிவகுத்து, எஞ்சின்கள் உறுமிக்கொண்டிருந்தன. இன்னும் ஐந்தே நிமிடம் கிடைத்திருந்தால் அத்தனையும் பறந்திருக்கும். அதற்குள் அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் வானிலிருந்து செங்குத்தாகப் பாய்ந்துவிட்டன. நேரில் பார்த்தவரின் வாக்கு என்பதால் வால்டர் லார்ட், கார்டன் பிராங்கே போன்றவர்களும் அதை ஏற்றார்கள். ஆனால் அந்த ஓடுதளம் எப்படி இயங்கியது என்று பார்த்தால் இந்தக் கதை நிற்காது.

ஜப்பானியர்கள் விமானங்களில் டார்பிடோவைப் பொருத்தியது மூடிய ஹேங்கருக்குள். பிறகு ஒவ்வொன்றாக லிஃப்டில் ஏற்றி, மேலே வரிசைப்படுத்தி, எஞ்சினைச் சூடேற்ற வேண்டும். முழு அணிக்கும் முக்கால் மணி நேரம் பிடிக்கும். அந்த நேரத்தில் வேறு விமானம் இறங்க இடமிருக்காது.

இங்கேதான் ஜப்பானிய விமானப் படைப்பிரிவுகளின் பதிவேடுகள் பேசத் தொடங்குகின்றன. புகழ்பெற்ற எந்த நினைவுநூலையும்விட அவை வறண்டவை: விமானியின் பெயர், கிளம்பிய நேரம், இறங்கிய நேரம். ஆனால் காவலுக்குப் பறந்த ஜீரோ விமானங்கள் பத்து மணியையொட்டியும் கப்பல்களில் இறங்கி ஏறிக்கொண்டிருந்ததை அவை காட்டுகின்றன. ஜீரோவின் 20 மி.மீ. பீரங்கி ஒன்றுக்கு 60 குண்டுகள்தான். தீர்ந்தால் இறங்கியே ஆக வேண்டும். அப்படியானால் 10.20க்கு முழுத் தாக்குதல் அணி ஓடுதளத்தில் நின்றிருக்க முடியாது. அது டார்பிடோக்களோடும் பெட்ரோலோடும் கீழே ஹேங்கரில்தான் இருந்தது. அகாகியின் நடு லிஃப்ட் அருகே விழுந்த குண்டு ஒன்றே அக்கப்பலை முடித்தது அதனால்தான்.

ஜப்பானிய அதிகாரபூர்வப் போர் வரலாற்றின் மிட்வே தொகுதி 1971லேயே இதைப் பதிவுசெய்துவிட்டது. ஆங்கில வாசகர்களிடம் அது வலுவாகச் சேர்ந்தது 2005இல், ஜொனாதன் பார்ஷல், அந்தோணி டல்லி இருவரின் நூலால். இத்தனை தாமதம் வருத்தத்துக்குரியது.

ஃபுச்சிதாவின் கதை தோல்வியை விதியின் கையில் விட்டுவிடுகிறது. ஆனால் ஆயுதம் மாற்றுவதில் நேரம் கரையும் சிக்கல் மிட்வேக்கு முன்பே தெரிந்திருந்தது. அதே ஆண்டு ஏப்ரல் 5இல், மிட்வேயிலும் தளபதியாக இருந்த நகுமோவின் கப்பற்படை கொழும்பைத் தாக்கியது. அந்தத் தாக்குதலை வானில் வழிநடத்தியவரும் ஃபுச்சிதாதான். மிட்வேயில் போலவே அன்றும் நகுமோ முதலில் தரையிலக்குகளுக்கான குண்டு, பிறகு டார்பிடோ என்று ஆயுதத்தை மாற்றச் சொன்னதால் நேரம் கரைந்தது. நான்கு நாள் கழித்து பிரிட்டனின் பிளென்ஹைம் விமானங்கள் எதிர்பாராத நேரத்தில் வந்து அகாகியைச் சுற்றிக் குண்டு வீசின. ஒன்றும் படவில்லை. இலங்கைக் கடலில் கிடைத்த அந்த எச்சரிக்கைகளை யாரும் பொருட்படுத்தவில்லை என்பதே இக்கட்டுரையின் துணிபு.

காலை 9.20 முதல் அலையலையாக வந்த 41 அமெரிக்க டார்பிடோ விமானங்களையும் பதிவேடுகள் காட்டும் ஓடுதள நிலவரத்தின் ஒளியில்தான் பார்க்க வேண்டும். அவற்றில் பெரும்பாலானவை திரும்பவில்லை. ஒரு டார்பிடோகூட இலக்கைத் தொடவில்லை. ஜீரோக்களைக் கடல்மட்டத்துக்கு இழுத்துவந்ததே அந்த விமானிகளின் பங்களிப்பு என்பது வழக்கமான விளக்கம். அது ஓரளவு உண்மை. ஆனால் அதைவிடப் பெரிதாக, ஓடுதளத்தை ஓயவிடாமல் வைத்தவர்கள் அவர்கள். நகுமோவிடமிருந்து ஒரு மணி நேரத்தைப் பறித்தவர்கள் அவர்களே. இதை நேரடியாகச் சொல்லும் ஆவணம் எதுவுமில்லை. பதிவேட்டு நேரங்களை அடுக்கிப் பார்த்துப் பெறும் முடிவு இது.

தீராதவையும் உண்டு. முதல் குண்டு விழுந்த நேரத்தை ஆதாரங்கள் சில நிமிட வேறுபாட்டோடு தருகின்றன. அகாகியின் மேல் நேராக விழுந்தது இரண்டு குண்டு என்றது நகுமோவின் அறிக்கை. பார்ஷலும் டல்லியும் ஒன்றே என்கிறார்கள், மற்றவை அருகே கடலில் வெடித்தவை. 2019 அக்டோபரில் அகாகியின் உடைந்த உடல் ஐயாயிரம் மீட்டருக்கும் கீழே கண்டுபிடிக்கப்பட்டது.