பெயர் மாறிய ஈரல் நோய்

நோய்களின் வரலாறு மருந்துகளின் வரலாறு மட்டுமன்று. அவற்றுக்கு மனிதர் இட்ட பெயர்களின் வரலாறுமாகும். ஈரல் பழுதுற்றது எனக் கேட்டதும் குடியை நினைப்பது உலக வழக்கு. வரக்காப்பொல சூழ்ந்த கேகாலை மாவட்டத்து இரப்பர்த் தோட்டங்களில் அந்நினைவு கள்ளாகவும் கசிப்பாகவும் எழும். மதுவைத் தீண்டாத பெண்ணும் இவ்வையத்துக்குத் தப்புவதில்லை. இவ்வையத்துக்கு மருத்துவ உலகு இட்ட பெயரொன்றே நெடுங்காலம் துணைநின்றது.

1851 இல் இலண்டன் கய்ஸ் வைத்தியசாலையின் தோமஸ் அடிசனும் வில்லியம் கல்லும், நீடித்த காமாலையோடு தோலில் மஞ்சட் படிவுகளும் தோன்றிய நோயாளரை விவரித்தனர். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டின் பின், 1950 இல், அமெரிக்க ஆய்வாளர் அஹ்ரென்சும் குழுவினரும் இந்நோயை 'முதன்மைப் பித்தச் சிரோசிஸ்' என்றனர். சிரோசிஸ் என்பது ஈரல் தழும்பேறி இறுகிவிடும் இறுதிநிலை. அன்றைய வைத்தியர் கண்டது பெரிதும் முற்றிய நோயையே. ஆதலின் முடிவின் பெயரே முழு நோய்க்கும் பெயராயிற்று.

1965 இல் திருப்பம் நேர்ந்தது. வோக்கர், டோனியக், ரொயிற், ஷீலா ஷெர்லொக் ஆகியோர் நோயாளரின் குருதியில், இழைமணிகளுக்கு எதிரான பிறபொருளெதிரியைக் கண்டனர். உடலைக் காக்கவேண்டிய ஆற்றலே உடலைத் தாக்குகின்றது என்னும் கருத்து இதனால் வலுப்பெற்றது.

நோயின் போக்கும் படிப்படியே தெளிவாயிற்று. ஈரலினுள்ளே உள்ள நுண்ணிய பித்தக் கான்கள் முதலில் அழற்சியுறுகின்றன, பின்னர் அழிகின்றன. வெளியேற வழியற்ற பித்தம் தேங்கி ஈரற் கலங்களைச் சிதைக்கின்றது. சிதைந்த இடத்தில் தழும்பு படர்கின்றது. தழும்புகள் இணைய, ஈரல் இறுகுகின்றது. இவையனைத்தும் நிகழப் பத்து, இருபது ஆண்டுகள் செல்லலாம். பிறபொருளெதிரியோ அறிகுறிகளுக்குப் பல ஆண்டுகள் முன்னரே குருதியில் தோன்றக்கூடும். நோயாளருட் பெரும்பாலோர் நடுவயதுப் பெண்கள். களைப்பும் தோல் அரிப்புமே அவர்களது முதல் முறைப்பாடுகள். காமாலை பெரும்பாலும் பிந்தியே வரும்.

கரடியின் பித்தத்தில் இனங்காணப்பட்ட அர்சோடியொக்சிகோலிக் அமிலம் பயன்தரக்கூடும் என்பதை 1987 இல் பிரான்சியர் பூப்போனும் குழுவினரும் காட்டினர். காலத்தோடு தொடங்கினால் பலரில் அது நோயின் வேகத்தைத் தணிக்கின்றது. ஈரல் செயலிழந்தோருக்கு மாற்றுச் சிகிச்சை உண்டு. இவ்வாறு, சிரோசிஸ் நிலையை ஒருபோதும் அடையாத நோயாளரே பெருகினர். பொருந்தாப் பெயர் குடிப்பழக்கத்தின் களங்கத்தையும் அவர்மேற் சுமத்தியது. நோயாளர் அமைப்புகளின் வேண்டுகோளையடுத்து, 2015 அளவில், 'முதன்மைப் பித்தக் கான் அழற்சி' என்ற பெயர் ஏற்கப்பட்டது.

அதிகாலையிற் பால்வெட்டச் செல்லும் பெண்ணின் களைப்பை உழைப்பின் விளைவென்று ஒதுக்குவது எளிது. நீங்காத களைப்போடு காரணமறியா அரிப்பும் சேருமாயின், எளிய குருதிப் பரிசோதனையொன்று உண்மையை உணர்த்தத் தொடங்கும். பெயரைத் திருத்த மருத்துவ உலகுக்கு அறுபத்தைந்து ஆண்டுகள் சென்றன. ஐயத்தைத் திருத்தும் பணி சமூகத்தினுடையது.