கட்டடத்தை விட்டு வெளியே வந்த வைஃபை: கான்பூரிலிருந்து தேனி வரை

1997இல் வெளியான, வைஃபைக்கு அடிப்படையான 802.11 தரநிலை ஒரு கட்டடத்துக்குள் இயங்கும் வலையமைப்புக்காக எழுதப்பட்டது. கருவிகள் அருகருகே இருக்கும், ஒன்று அனுப்புவது மற்றதற்குக் கேட்கும், உடன் வரும் மறையாக்கம் இரகசியத்தைக் காக்கும், சுவரில் சீரான மின்சாரம் வரும் என்று அது எடுத்துக்கொண்டது. அதே மலிவான கருவிகளால் ஊரோடு ஊரை இணைக்க முயன்றபோது இந்த அனுமானங்கள் ஒவ்வொன்றாகச் சரிந்தன. அவற்றுக்கு மாற்றுத் தேடிய பணியில் இந்தியக் களங்களின் பங்கு பெரிது.

முதலில் சரிந்தது நேரக்கணக்கு. வைஃபையில் ஒவ்வொரு தரவுப் பொட்டலத்துக்கும் 'வந்து சேர்ந்தது' என்ற ஒப்புகை உடனே திரும்ப வேண்டும். வானொலி அலை 15 கிலோமீட்டர் போய்த் திரும்ப 100 மைக்ரோநொடி ஆகும்; 802.11பி காத்திருப்பைக் கணக்கிடும் அலகோ 20 மைக்ரோநொடிதான். ஒப்புகை வரும் வழியில் இருக்கும்போதே, பொட்டலம் தொலைந்துவிட்டதாக எண்ணி அனுப்பியவர் மறுபடி அனுப்புவார். ஒரே கோபுரத்தில் பல ஆன்டெனாக்கள் இருந்தால் சிக்கல் கூடும்: ஒன்று அனுப்பும்போது பக்கத்திலுள்ளதன் காது அடைபடும். ஐஐடி கான்பூரில் பாஸ்கரன் ராமனும் காமேஸ்வரி செப்ரோலுவும் 2005இல் முன்வைத்த '2பி' முறை இதற்கு விடை தந்தது. கோபுரத்தின் எல்லா இணைப்புகளும் ஒரே நேரத்தில் அனுப்பும், பிறகு ஒரே நேரத்தில் பெறும். எரிக் புரூவர் தலைமையிலான பெர்க்லி பல்கலைக்கழகக் குழு இதன்மேல் மொத்த ஒப்புகையையும் பிழைதிருத்தக் குறிமுறையையும் சேர்த்து, 2007இல் 'வைல்ட்நெட்' என வெளியிட்டது. தரவு வேகம் இரண்டு முதல் ஐந்து மடங்கு உயர்ந்தது.

இரகசியமும் அப்படியே சரிந்தது. தரநிலையோடு வந்த 'வெப்' (WEP) மறையாக்கம், ஒவ்வொரு பொட்டலத்துக்கும் மாற வேண்டிய எண்ணுக்கு 24 பிட்டுகளே ஒதுக்கியது. போக்குவரத்து மிகுந்தால் அது சில மணி நேரத்தில் தீர்ந்து, பழைய எண்களே திரும்ப வரும். 2001இல் போரிசோவ், கோல்ட்பர்க், வாக்னர் மூவரும் இதை வெளிப்படுத்தினர். அதே ஆண்டில் ஃப்ளூரர், மான்டின், ஷமீர் ஆகியோர் திறவுகோலையே கண்டெடுக்கும் வழியைக் காட்டினர். 2004இல் 802.11i என்ற திருத்தம் வந்த பிறகே உறுதியான பூட்டு கிடைத்தது. ஊரோடு ஊரை இணைக்கத் திசைநோக்கிய ஆன்டெனா இருக்கிறதே, அது போதாதா என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. போதாது. கதிர் தூரம் செல்லச் செல்ல விரிகிறது. அதன் வழியில் நிற்கும் எவரும் கேட்கலாம்.

இந்தியா 2005 ஜனவரியில் வைஃபை இயங்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை உரிமத் தேவையிலிருந்து விலக்கியது. தேனி அரவிந்த் கண் மருத்துவமனையை ஆண்டிபட்டி, போடி, சின்னமனூர், பெரியகுளம் முதலிய ஊர்களின் கண் பரிசோதனை மையங்களோடு பெர்க்லி குழு இணைத்தது. நோயாளி தன் ஊரிலேயே அமர்ந்து, தேனியிலுள்ள மருத்துவரிடம் காணொளியில் பேச முடிந்தது. இந்த வலையமைப்பில் 11 ரூட்டர்கள் இருந்தன. அவற்றில் 5 இடைநிலையங்கள். இணைப்புகளின் நீளம் 1 முதல் 15 கிலோமீட்டர் வரை. நேர்ப்பார்வை கிடைக்காத இடங்களில் கோபுரம் எழுப்பினார்கள். ஓரிடத்தில் நெசவாலை வளாகத்து மின்நிலையப் புகைபோக்கியே கோபுரமானது. இருக்கும் உயரத்தைப் பயன்படுத்திய இந்த முடிவே திட்டத்தின் மிகச் சிறந்த பகுதி என்பேன்.

மூன்றாவதாகச் சரிந்த மின்சாரமே அதிகம் படுத்தியது. குழுவினர் 2008இல் எழுதிய ஆய்வுரையின்படி, பழுதுகளில் 90 விழுக்காடு தரமற்ற மின்சாரத்தால் வந்தவை. 1000 வோல்ட் வரை பாய்ச்சலும் 70 வோல்ட்டுக்கும் கீழான சரிவும் பதிவாயின. பாதி மின்னழுத்தத்தில் எழ முயன்ற ரூட்டர்களின் நினைவக அட்டைகள் சிதைந்தன. ஆகவே மின்னழுத்தம் குறைந்தால் ரூட்டரைத் துண்டித்துவிடும் சுற்றைச் சேர்த்தார்கள். வெளியிலிருந்து உள்ளே நுழைய முடியாத வலையமைப்பைத் தொலைவிலிருந்து பார்த்துக்கொள்ள, ரூட்டர்களே வெளிச் சேவையகத்தை அழைத்து மறையாக்கப்பட்ட வழியைத் திறக்குமாறு செய்தார்கள். வழி திறக்காத நாளில் கோபுரத்தில் ஏறிப் பார்க்க உள்ளூர்ப் பணியாளர்களுக்குப் பயிற்சி தந்தார்கள்.