சொக்கப்பனை

கார்த்திகை மாதத்துப் பௌர்ணமியை ஒட்டி, காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட திருவரங்கத் தீவில் நிற்பவர்களுக்கு, தெற்கே மலைக்கோட்டை உச்சியில் செப்புக் கொப்பரையில் ஏற்றப்பெற்ற பெருந்தீபமும், தீவுக்குள்ளேயே திருவானைக்காவில் ஜம்புகேசுவரர் ஆலயத்துச் சொக்கப்பனையும், ஸ்ரீரங்கத்தில் கார்த்திகை கோபுரத்தருகே எரியும் சொக்கப்பனையும், ஓரிரு நாள் முன்பின்னாகவேனும், காணக் கிடைக்கும். சைவருக்கும் வைணவருக்கும் பஞ்சாங்கத்தில் நாள் வேறுபடுவதுண்டு. சொல்லில் வேறுபாடு இல்லை. இந்தச் சிறு செய்தியே சொக்கப்பனை என்னும் பெயரை ஆராயப் புகுவார்க்குப் பெரியதொரு துணை என்பது என் அபிப்பிராயம்.

முதலில் பொருளைப் பார்ப்போம். நெடிய பனந்துண்டம் ஒன்றை ஆழ ஊன்றி, அதைச் சுற்றிலும் காய்ந்த பனையோலைகளை அடிமுதல் முடிவரை அடுக்கடுக்காகச் சார்த்தி வரிந்து கட்டி, ஸ்வாமி எழுந்தருளும் சமயத்தில் தீயிடுவார்கள். ஓலை பற்றிய மாத்திரத்தில் மளமளவென்று ஓர் ஓசை எழும். அடியில் வைத்த நெருப்பு ஓலை மடிப்புகளுக்குள்ளே புகுந்து, காற்றை இழுத்துக்கொண்டு, பார்த்துக்கொண்டிருக்கும்போதே உச்சிக்குத் தாவிவிடும். காம்புகள் வெடித்துப் பொறிகள் மேலே சிதற, முன்வரிசையில் நின்றவர்கள் முகத்தில் அனல் தாங்காமல் பின்வாங்குவார்கள். ஸ்ரீரங்கத்தில் நம்பெருமாள் புறப்பாடாகிச் சொக்கப்பனை கண்டருளும் அந்த இரவில்தான், அத்யயன உற்சவத்தின் பொருட்டு நம்மாழ்வாரை அழைக்கும் ஸ்ரீமுகப் பட்டயம் வாசிக்கப்படுவது சம்பிரதாயம். ஊர்ப்புறங்களிலோ, எரிந்தது போக மிஞ்சிய கரிக்கட்டையை எடுத்துச் சென்று வயலில் இடுவார்கள்.

விழா மிகப் பழையது. ஆரல் என்றும் அறுமீன் என்றும் கார்த்திகை நட்சத்திரத்தை அழைத்த சங்க காலத்தில், அது மதியத்தோடு கூடும் இரவில் தெருவெல்லாம் விளக்கு வைத்துக் கொண்டாடியதை அகநானூறு காட்டுகிறது. ஞானசம்பந்தரின் மயிலைப் பதிகம் இதனை விளக்கீடு என்கிறது. அச்சொல் யாழ்ப்பாணத்தில் இன்றும் பேச்சு வழக்கில் உயிரோடிருக்கிறது. சொக்கப்பனை என்ற பெயரோ இவ்விடங்களில் காணப்படவில்லை.

அப்பெயருக்குச் சொல்லப்படும் காரணங்கள் பல. சொக்கன் என்பது சிவபெருமான் திருநாமமாதலின் சொக்கன் பனையே சொக்கப்பனையாயிற்று என்பர் ஒரு சாரார். அங்ஙனமாயின், அரங்கநாதன் ஆலயத்தில், வைணவப் பெரியோர்கள் நிறைந்த வீதியில், அந்நாமம் சிறிதும் உறுத்தாமல் வழங்கி வருவது எப்படி? சொர்க்கப்பனை என்பதன் சிதைவென்பர் மற்றொரு சாரார். ஆனால் வைகுண்ட ஏகாதசியன்று பரமபத வாசலைச் சொர்க்கவாசல் என்றே சொல்லி, எழுதி வரும் ஊரில், வாசலில் நிலைத்த ரகரம் பனையில் மட்டும் தேய்வானேன்? பானை என நீட்டிச் சொக்கப்பானை என்பாரும் உளர். அங்கே பானைக்கு யாதொரு வேலையும் இல்லை.

சுஷ்க என்ற வடசொல்லுக்கு உலர்ந்தது என்பது பொருள். உலர்ந்த இஞ்சியைச் சுக்கு என்பதும் அதன் வழியே என்பர். ஸ்ரீரங்கத்துச் சந்திர புஷ்கரணியின் பெயரிலுள்ள புஷ்கரணி என்னும் சொல் பாலி மொழியில் பொக்கரணி ஆயிற்று. தமிழிலும் புத்தகம் பொத்தகம் என வழங்கியது. இவ்வாறே சுஷ்க என்பது சொக்க என்றாகி, உலர்ந்த ஓலை வேய்ந்த பனைக்குப் பெயராயிற்று எனக் கொள்வதே பொருளுக்கும் ஒலிக்கும் ஒருங்கே பொருந்துவது. இதைக் கல்வெட்டுச் சான்று கொண்டு நிறுவ இயலாதாயினும், மற்ற மூன்றையும்விட இதுவே தக்கதென்று துணிகிறேன்.

பெயரில் தீயும் இல்லை, தீபமும் இல்லை என்பது கருதத்தக்கது. ஏறத்தாழ இதே பருவத்தில் யூதர்கள் கொண்டாடும் விளக்குத் திருவிழாவாகிய ஹனுக்காவும் இத்தகையதே: அவ்வெபிரேயச் சொல்லுக்குப் பிரதிஷ்டை என்றுதான் பொருள். கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் எருசலேம் தேவாலயத்தை மக்கபேயர் மீட்டு மறுபடியும் புனிதப்படுத்தியதை நினைந்து, கிஸ்லேவ் மாதம் 25ஆம் நாள் தொடங்கி எட்டு இரவுகள், நாளுக்கொரு சுடராகக் கூட்டி ஏற்றுவார்கள். அவ்விளக்கை வாசலிலோ சன்னலிலோ வழிப்போக்கர் கண்ணில் படும்படி வைக்கவேண்டும் என்பது அவர்கள் விதி. 1970களிலிருந்து அமெரிக்க நகரங்களின் பொதுச் சதுக்கங்களில் பெரிய விளக்குத்தண்டு நிறுத்தி, ஊரார் எல்லாரும் கூடிநிற்க ஏற்றும் வழக்கமும் பரவியிருக்கிறது. ஒளியை மறைக்காமல் ஊருக்குக் காட்டுவதே இரண்டு விழாக்களிலும் உள்ள தர்மம். கி.பி. 1000ஆம் ஆண்டளவில் பாஸ்கர ரவிவர்மன் யோசேப்பு ரப்பானுக்கு அளித்த, வட்டெழுத்தில் பொறித்த கொச்சிச் செப்பேட்டில், யூதத் தலைவருக்குரிய மரியாதைகளுள் பகல் விளக்கும் ஒன்றாகச் சொல்லப்பட்டிருப்பதைப் படிக்கும்போது, விளக்கை மரியாதையாக மதித்த தென்னாட்டு மனம் அயல்நாட்டாரையும் அதனாலேயே கௌரவித்தது என்று மகிழத் தோன்றுகிறது.

நம் சொக்கப்பனைக்கு இன்று நேர்ந்திருக்கும் குறை, பெயரைப் பற்றியதன்று, பனையைப் பற்றியது. நகரங்களை ஒட்டிய இடங்களில் மரம் அருகிவிட்டது. ஓலை வெட்டும் கைகளும் குறைந்துவிட்டன. கார்த்திகைக்குச் சிறுவர் சுழற்றும் மாவலிக்கு, பனம்பூவைச் சுட்டுக் கரியாக்கி, இடித்துத் துணியில் பொதிந்து, மட்டைக்கு நடுவே கட்டித் தருவார் அரிதாயினர். பனை தமிழ்நாட்டின் மாநில மரம் என்று பாடப்புத்தகத்தில் படிக்கும் பிள்ளைகள், அதன் ஓலை எரியும் ஓசையையும் கேட்டு வளரவேண்டாமா?

பனை ஆளுயரம் தாண்டி ஓலை தர ஆண்டுகள் பல வேண்டும். ஆதலால், ஆலயங்களைப் பரிபாலிக்கும் அன்பர்கள், கொள்ளிடக் கரையிலும் திருக்குளத்து ஓரங்களிலும் கோயில் நிலங்களின் வரப்புகளிலும், இந்த மழைக்காலத்திலேயே பனங்கொட்டைகளை ஊன்றிவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.